ஒரே நாளில் ஒழிந்த கர்ணம் வேலை: எம்.ஜி.ஆர். போட்ட ஆட்குறைப்புக் கணக்கு

ஒரகடம் பக்கம் ஒரு மனை வாங்கணும்னா முதலில் யாரைப் பார்க்க வேண்டும்? புரோக்கரை விடுங்கள். பட்டாவில் யார் பெயர் இருக்கிறது, அடங்கலில் என்ன பயிர் எழுதியிருக்கிறது, பக்கத்து சர்வே எண் ஏரிப் புறம்போக்கா இல்லையா என்பதெல்லாம் தெரிய வேண்டுமானால் வி.ஏ.ஓ. ஆபீஸ் படி ஏறித்தான் ஆக வேண்டும். இணையத்தில் சிட்டா எடுக்கிற காலம் வந்த பிறகும் இது பெரிதாக மாறவில்லை.

அந்த வி.ஏ.ஓ. என்கிற கிராம நிர்வாக அலுவலர் பதவிக்கு வயது ஐம்பதுக்குக் கிட்டத்தட்டத்தான். 1980 நவம்பர் வரை அப்படி ஒரு வேலையே கிடையாது. அதுவரை ஊர்க் கணக்கு கர்ணம் கையில் இருந்தது. வரி வசூலும் ஊர் அதிகாரமும் மணியக்காரர் கையில் இருந்தன. தமிழ்நாடு முழுக்க இருபதாயிரத்துக்கும் அதிகமானவர்கள் பார்த்துவந்த அந்த வேலையை ஒரே அவசரச் சட்டத்தில் இல்லாமல் ஆக்கியவர் எம்.ஜி.ஆர்.

அவரைப் பற்றிப் பேசும்போது சத்துணவு வரும், சினிமா வரும், குண்டடி பட்ட கதை வரும். இந்த விஷயம் அதிகம் வராது. ஆனால் அரசு ஊழியர் எண்ணிக்கையை எப்படிக் கட்டுப்படுத்துவது, அதற்கு என்ன விலை கொடுக்க வேண்டியிருக்கும் என்று இன்று டெல்லியிலும் சென்னையிலும் நடக்கிற விவாதத்துக்கு இதைவிட நல்ல உதாரணம் தமிழ்நாட்டில் கிடைப்பது கஷ்டம்.

நாவலப்பிட்டி முதல் கோட்டை வரை

மருதூர் கோபாலன் ராமச்சந்திரன் 1917 ஜனவரி 17 அன்று இலங்கையில், கண்டிக்குப் பக்கத்தில் உள்ள நாவலப்பிட்டியில் பிறந்தார். சின்ன வயதிலேயே அப்பா இறந்துவிட, அம்மா சத்யபாமா பிள்ளைகளோடு கும்பகோணம் வந்து சேர்ந்தார். பள்ளிக்கூடம் பாதியிலேயே நின்றது. அண்ணன் சக்கரபாணியும் தம்பி ராமச்சந்திரனும் மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் நாடகப் பிள்ளைகளாகச் சேர்ந்ததற்குக் கலை ஆர்வத்தைவிடச் சாப்பாடு முக்கியமான காரணம்.

1936-ல் சதி லீலாவதி படத்தில் சின்ன வேடம் கிடைத்தது. கதாநாயகனாக நிற்பதற்கு 1947-ல் ராஜகுமாரி வரை, அதாவது பதினோரு வருடம் காத்திருந்தார். 1953-ல் தி.மு.க.வில் சேர்ந்தார். 1967 ஜனவரி 12 அன்று எம்.ஆர். ராதா சுட்டதில் கழுத்தில் குண்டு பாய்ந்தது. ஆஸ்பத்திரிப் படுக்கையில் இருந்தபடியே பரங்கிமலைத் தொகுதியில் ஜெயித்தார். அந்தத் தொகுதி அன்றைக்குச் செங்கல்பட்டு மாவட்டத்தில் இருந்தது. ஸ்ரீபெரும்புதூரும் ஒரகடமும் அதே மாவட்டம்தான்.

1972 அக்டோபரில் தி.மு.க.விலிருந்து நீக்கம், அதே மாதம் 17-ம் தேதி அண்ணா தி.மு.க., 1977 ஜூன் 30-ல் முதல்வர் நாற்காலி. இதெல்லாம் எல்லோருக்கும் தெரிந்த கதை. இங்கே முக்கியம் 1980. அந்த ஜனவரியில் நடந்த மக்களவைத் தேர்தலில் அவர் கட்சிக்கு இரண்டே இடம். பிப்ரவரி 1-ல் பிற்படுத்தப்பட்டோர் இடஒதுக்கீட்டை 31 சதவீதத்திலிருந்து 50 சதவீதமாக உயர்த்தி ஆணை போட்டார். இரண்டு வாரத்தில், பிப்ரவரி 17 அன்று, இந்திரா காந்தி அரசு அவருடைய ஆட்சியைக் கலைத்தது. மே மாதத் தேர்தலில் 129 இடங்களோடு திரும்பி வந்து ஜூன் 9-ல் மறுபடியும் பதவியேற்றார்.

கலைக்கப்பட்டு, தோற்று, ஜெயித்து வந்த ஒரு முதல்வருக்கு அந்த நேரத்தில் யாருக்கும் பயப்பட வேண்டிய அவசியம் இருக்கவில்லை. ஐந்து மாதம் கழித்துத்தான் கர்ணங்கள் மீது கை வைத்தார்.

கர்ணம் என்றால் யார்?

செங்கல்பட்டுச் சீமையில் இந்த வேலைக்கு இருக்கிற வரலாறு கொஞ்சநஞ்சமல்ல. கிழக்கிந்திய கம்பெனிக்கு ஆற்காட்டு நவாப் இந்தப் பகுதியை ஜாகிராகக் கொடுத்த பிறகு, 1767 முதல் 1774 வரை பர்னார்டு என்ற பொறியாளர் ஏறத்தாழ இரண்டாயிரம் ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். அவருக்கு ஆதாரம் ஊர்க் கணக்குப்பிள்ளைகளிடம் இருந்த ஓலைகள்தான். களத்தில் நெல் அளக்கும்போது கோயிலுக்கு இவ்வளவு, தச்சருக்கு இவ்வளவு, வெட்டியானுக்கு இவ்வளவு என்று பிரித்ததில் கணக்குப்பிள்ளைக்கும் ஒரு பங்கு இருந்தது. சம்பளம் என்று தனியாக எதுவும் இல்லை. ஊர் விளைந்தால் அவருக்கும் உண்டு.

வெள்ளைக்காரர்கள் இந்த ஏற்பாட்டை எடுத்து அரசாங்க வேலையாக மாற்றினார்கள். 1895-ல் வந்த மதராஸ் பரம்பரைக் கிராமப் பதவிகள் சட்டம் அப்பா வேலை பிள்ளைக்கு என்பதை எழுத்திலேயே உறுதி செய்தது. ஏழைக்கும் பணக்காரனுக்கும் இடையில் எந்த நிலம் யாருடையது என்று சொல்லும் அதிகாரம், சில குடும்பங்களுக்குள், பெரும்பாலும் சில சாதிகளுக்குள், தலைமுறை தலைமுறையாகச் சுற்றி வந்தது. குத்தகைக்காரர் பெயர் அடங்கலில் ஏறுமா ஏறாதா என்பது கர்ணத்தின் பேனா முனையில் இருந்தது. பழைய தமிழ்ப் படங்களில் பண்ணையாருக்குப் பக்கத்தில் கணக்குப்பிள்ளை ஒருத்தர் குடை பிடித்து நிற்பது சும்மா வைத்த காட்சி இல்லை.

இதற்காக எல்லாக் கர்ணங்களும் கெட்டவர்கள் என்று சொல்லிவிட முடியாது. எத்தனையோ ஊர்களில் எழுதப் படிக்கத் தெரிந்த ஒரே ஆள் அவர். மனு எழுதித் தந்தவரும் அவர்தான், கிணறு தகராறில் வழிசொன்னவரும் அவர்தான். அரசு தந்ததோ பகுதிநேர வேலைக்கான சொற்பச் சம்பளம். வேலையோ நாள் முழுக்க. ஜமாபந்தி வந்துவிட்டால் ராத்திரியும் சேர்த்து.

ஆந்திராவிலிருந்து போன ஒரு வழக்கில், பரம்பரையைக் காரணம் காட்டி இந்தப் பதவியை நிரப்புவது அரசமைப்புச் சட்டம் தரும் சம வாய்ப்புக்கு எதிரானது என்று உச்ச நீதிமன்றம் 1960-களின் தொடக்கத்தில் சொன்னது. 1968-ல் அண்ணா முதல்வராக இருந்தபோது தமிழ்நாடு பரம்பரை உரிமையைச் சட்டம் போட்டு நீக்கியது. 1970-ல் புது விதிகள் வந்தன. ஆனால் நடைமுறையில் என்ன ஆயிற்று? ஏற்கெனவே நாற்காலியில் இருந்தவர்கள் தொடர்ந்தார்கள். வேலை பகுதிநேரமாகவே இருந்தது. சட்டத்தில் பரம்பரை போய்விட்டது, வீட்டுத் திண்ணையில் போகவில்லை. ஆவணங்கள் கர்ணம் வீட்டு டிரங்குப் பெட்டியிலேயே கிடந்தன.

நவம்பர் 14, 1980

நவம்பர் 13-ம் தேதி அவசரச் சட்டம் பிறப்பிக்கப்பட்டது. மறுநாள் வெள்ளிக்கிழமை முதல் அமல். தீபாவளி முடிந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. பகுதிநேரக் கிராம அதிகாரி பதவிகள் எல்லாம் ஒழிக்கப்பட்டன. வியாழக்கிழமை கர்ணமாகத் தூங்கப் போனவர் வெள்ளிக்கிழமை எழுந்தபோது கர்ணம் இல்லை. சட்டமன்றத்தில் மசோதா கொண்டுவந்து, மாதக்கணக்கில் விவாதம் நடந்திருந்தால் இந்த இடைவெளியில் எத்தனை ஊர்க் கணக்குகள் திருத்தப்பட்டிருக்கும் என்பதை யோசித்துப் பார்த்தால், ஏன் அவசரச் சட்டம் என்பது புரியும். 1981-ல் அதுவே முழுச் சட்டமானது.

கவனிக்க வேண்டிய விஷயம், தலையாரி, வெட்டியான் போன்ற கடைநிலை ஊழியர்கள் இந்தச் சட்டத்தில் சிக்கவில்லை. போனது மணியமும் கர்ணமும் மட்டும்தான்.

அந்த இடத்துக்கு வந்ததுதான் கிராம நிர்வாக அலுவலர். முழுநேர அரசு ஊழியர். எஸ்.எஸ்.எல்.சி. படிப்பு வேண்டும். பழைய மணியம், கர்ணம் இரண்டு பேர் பார்த்த வேலையை இனி ஒருவர் பார்ப்பார். சிறு கிராமங்கள் சேர்த்துக் கட்டப்பட்டன. ஆக மொத்தம், ஒழிக்கப்பட்ட பதவிகளில் ஏறத்தாழ பாதி எண்ணிக்கைதான் புதிதாக உருவானது. அதன் பிறகு எத்தனையோ ஊர்களில் மக்கள்தொகை பல மடங்கு பெருகியும், இன்றைக்கும் வி.ஏ.ஓ. பணியிடங்கள் 12,000 சொச்சம்தான்.

இங்கேதான் அந்த பிப்ரவரி ஆணை வேலை செய்தது. புது வேலைக்குத் தேர்வாணையம் வழியாக ஆள் எடுத்தபோது பிற்படுத்தப்பட்டோருக்கு 50 சதவீதம் என்ற கணக்கு அமலில் இருந்தது. தாழ்த்தப்பட்டோர், பழங்குடியினருக்கான 18 சதவீதமும் சேர்ந்தது. தாத்தா காலத்தில் கர்ணம் வீட்டு வாசலில் நின்று பேசிய குடும்பத்துப் பிள்ளை பரீட்சை எழுதி, பாஸ் பண்ணி, அதே ஊர் அடங்கலைத் திறந்து உட்கார்ந்தது சின்ன விஷயம் இல்லை. பெண்களும் அந்த வேலைக்கு வந்தார்கள்.

கோர்ட்டுக்குப் போனார்கள்

வேலை போனவர்கள் சும்மா இருக்கவில்லை. வழக்குகள் உச்ச நீதிமன்றம் வரை போயின. அவர்கள் கேட்டதில் நியாயம் இல்லாமல் இல்லை. நாங்கள் அரசு ஊழியர்கள்தானே, அப்படியானால் ஒரு குற்றச்சாட்டு, ஒரு விசாரணை, ஒரு வாய்ப்பு இல்லாமல் எப்படி வெளியே அனுப்பலாம் என்பது வாதத்தின் சாரம். அரசமைப்புச் சட்டத்தின் 311-வது பிரிவு அந்தப் பாதுகாப்பைத் தருகிறது.

1982-ல் கே. ராஜேந்திரன் வழக்கில் நீதிபதி ஈ.எஸ். வெங்கட்ராமய்யா எழுதிய தீர்ப்பு அரசுக்குச் சாதகமாக வந்தது. ஒருவரைத் தண்டித்து நீக்குவது வேறு, பதவியையே இல்லாமல் ஆக்குவது வேறு என்றது நீதிமன்றம். ஒரு பதவி தேவையா இல்லையா என்று முடிவு செய்வது அரசின் உரிமை; உள்நோக்கம் இல்லாமல் நல்லெண்ணத்தோடு செய்தால் அதில் நீதிமன்றம் தலையிடாது; பதவியே போய்விட்டால் அதில் இருந்தவருக்கு 311-ன் பாதுகாப்பும் இல்லை. பணிக்காலத்தைக் கணக்கிட்டு ஒரு தொகை தரச் சட்டத்திலேயே வழி இருந்தது. படிப்புத் தகுதி உள்ள பழையவர்களைப் புது வேலைக்குப் பரிசீலிப்பதாகவும் அரசு ஒப்புக்கொண்டது. சிலர் அப்படித் திரும்பி வந்தார்கள். ஐம்பது வயதைத் தாண்டிய, எஸ்.எஸ்.எல்.சி. முடிக்காத கர்ணத்துக்கு அந்த வாசலும் இல்லை. முன்னாள் கிராம அதிகாரிகளுக்குச் சிறப்பு ஓய்வூதியம் என்பதெல்லாம் பின்னால் வந்த சமாதானம்.

அந்தத் தீர்ப்பு தமிழ்நாட்டோடு நிற்கவில்லை. பக்கத்து ஆந்திராவில் இன்னொரு சினிமா முதல்வர், என்.டி. ராமராவ், 1984 ஜனவரியில் அங்கிருந்த பகுதிநேரக் கிராம அதிகாரிகளை இதே மாதிரி அவசரச் சட்டத்தில் ஒழித்தார். அதற்கு முன்னாலேயே, பதவியேற்ற அடுத்த மாதமான 1983 பிப்ரவரியில், அரசு ஊழியர் ஓய்வு வயதை 58-லிருந்து 55-க்கு இறக்கியிருந்தார். மாத இறுதியில் பதினெட்டாயிரம் அரசு ஊழியர்களுக்கு மேல் ஒரே நேரத்தில் வீட்டுக்குப் போனார்கள். இளைஞர்களுக்கு வேலை கிடைக்கும் என்பது சொன்ன காரணம். 1984-ல் அவர் ஆட்சியைக் கவிழ்த்து நாதெண்ட்ல பாஸ்கர ராவ் வந்ததும் வயது மறுபடி 58 ஆனது. நடுவில் மாட்டிக்கொண்டவர்கள் தங்கள் மூன்று வருடத்துக்காகத் தனியாகக் கோர்ட் ஏறினார்கள். ஆட்குறைப்பில் இரண்டு வழி உண்டு, பதவியைக் குறைப்பது ஒன்று, ஆளைக் குறைப்பது ஒன்று. எம்.ஜி.ஆர். முதலாவதைச் செய்ததால்தான் அது நின்றது.

செலவு குறைந்ததா?

தலையை எண்ணினால் குறைந்தது. பணத்தை எண்ணினால் கதை வேறு. பகுதிநேரக் கர்ணத்துக்குக் கொடுத்தது சில்லறை. வி.ஏ.ஓ.வுக்குக் காலமுறைச் சம்பளம், அகவிலைப்படி, இன்கிரிமென்ட், ஓய்வூதியம் எல்லாம் உண்டு. எண்ணிக்கை பாதியானாலும் ஒரு தலைக்கு ஆகும் செலவு பல மடங்கு. ஆகவே இதைச் சிக்கன நடவடிக்கை என்று மட்டும் படிப்பது சரியாக வராது. அதிகாரத்தை யார் கையிலிருந்து யார் கைக்கு மாற்றுவது என்பதுதான் இதில் பெரிய சமாச்சாரம்.

இன்னொரு முரண்பாடும் உண்டு. பகுதிநேர வேலை என்ற ஏற்பாடே காலாவதியானது என்று சொல்லிக் கர்ணங்களை அனுப்பிய அதே அரசு, 1982 ஜூலை 1-ல் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியது. கும்பகோணத்தில் பசியோடு வளர்ந்த பையன் முதல்வரானதும் கொண்டுவந்த திட்டம் அது. ஒவ்வொரு மையத்துக்கும் ஓர் அமைப்பாளர், ஒரு சமையலர், ஓர் உதவியாளர். லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு வேலை கிடைத்தது. பெரும்பாலும் பெண்கள், அதிலும் விதவைகளுக்கும் ஆதரவற்றவர்களுக்கும் முன்னுரிமை. கிராமத்தில் ஒரு பெண்ணுக்கு அரசு வேலை என்பது அன்றைக்கு எவ்வளவு பெரிய கௌரவம் என்பது அந்தக் காலத்து ஆட்களுக்குத் தெரியும். ஆனால் அவர்களுக்குக் காலமுறைச் சம்பளம் இல்லை, தொகுப்பூதியம்தான். அரசு ஊழியர் பட்டியலில் ஏறாமலேயே அரசு வேலை பார்த்தார்கள். எண்ணிக்கையைக் குறைக்காமல் எண்ணிக்கையை மறைக்கிற வழி இது. தமிழ்நாட்டுக்கு மட்டும் உரியதும் இல்லை. நாடு முழுக்க அங்கன்வாடி, ஆஷா ஊழியர்கள் இதே கணக்கில்தான் வருகிறார்கள். சத்துணவு ஊழியர்கள் காலமுறைச் சம்பளம் கேட்டு மறியல் செய்கிற செய்தி இன்னமும் வந்துகொண்டுதான் இருக்கிறது.

ஒழிப்பதில் எம்.ஜி.ஆருக்குத் தயக்கம் கிடையாது. 1986-ல் சட்ட மேலவையையே கலைத்தார். நடிகை வெண்ணிற ஆடை நிர்மலாவை நியமிப்பதில் வந்த சிக்கல் அதற்கு உடனடிக் காரணமானது. அதற்குள் உடம்பு விட்டுப்போயிருந்தது. 1984 அக்டோபரில் சிறுநீரகக் கோளாறும் பக்கவாதமும் தாக்கி, நியூயார்க்கின் புரூக்ளின் ஆஸ்பத்திரியில் இருந்தபடியே அந்த டிசம்பரில் ஆண்டிப்பட்டியில் ஜெயித்தார். 1987 டிசம்பர் 24 அன்று காலமானார்.

டெல்லி என்ன செய்தது?

மத்திய அரசு இந்தக் கேள்வியை வேறு மாதிரி கையாண்டது. 1997-ல் ஐந்தாவது ஊதியக் குழு, சம்பளத்தை உயர்த்துங்கள், கூடவே பத்து வருடத்தில் ஊழியர் எண்ணிக்கையை 30 சதவீதம் குறையுங்கள் என்று பரிந்துரைத்தது. முதல் பாதி நடந்தது, இரண்டாம் பாதி நடக்கவில்லை. 2001-க்குப் பிறகு, ஓய்வு பெறுவோர் இடத்தில் மூன்றில் ஒரு பங்கை மட்டும் நிரப்புவது என்ற வழியைச் சில வருடம் பின்பற்றினார்கள். யாரையும் அனுப்ப வேண்டாம், வழக்கு வராது, சத்தமும் வராது. ஆனால் எந்த வேலை தேவை, எது தேவையில்லை என்று யாரும் உட்கார்ந்து பார்க்கவில்லை. யார் ஓய்வு பெற்றாரோ அவர் நாற்காலி காலியானது, அவ்வளவுதான். 2021 மார்ச் 1 நிலவரப்படி மத்திய அரசில் அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் 40 லட்சத்துக்குச் சற்று மேல். அதில் ஏறத்தாழ 9.8 லட்சம் காலி.

கர்ணம் கையெழுத்து

ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இதன் விளைவு வேறு விதமாகத் தெரிந்தது. 1996-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய்க்கு அடிக்கல் நாட்டினார்கள். பின்னால் ஒரகடத்தில் நிசான், டெய்ம்லர், ராயல் என்ஃபீல்டு என்று வரிசையாக வந்தன. ஏரிப் பாசனத்தில் நெல் விளைந்த நிலம் சிப்காட் ஆனது. நிலம் எடுக்கும்போது இழப்பீடு யாருக்கு என்பதை முடிவு செய்தது அடங்கலும் பட்டாவும். பட்டா வைத்திருந்தவருக்குப் பணம் வந்தது. பெயர் ஏறாமல் உழுதவருக்கு வரவில்லை. அந்த நேரத்தில் கணக்கு ஒரு குடும்பத்தின் டிரங்குப் பெட்டியில் இல்லாமல் அரசு அலுவலகத்தில் இருந்தது பெரிய வித்தியாசம். லஞ்சம் ஒழிந்ததா என்றால் இல்லை; வி.ஏ.ஓ. கைது என்ற செய்தி பேப்பரில் வராத மாதம் அபூர்வம். முன்பு வி.ஏ.ஓ. என்றால் பயிர்க் கணக்கு. இப்போது இந்தப் பகுதியில் அவர் கையெழுத்துக்குக் கோடிகள் மதிப்பு.

எம்.ஜி.ஆர். ஆட்சியில்தான், 1979 ஜூனில், நில உடைமைப் பதிவுகளைப் புதுப்பிக்கும் யு.டி.ஆர். திட்டம் ஆரம்பித்தது. அவர் இறந்த 1987-ல், ஏப்ரல் மாதம் முடிந்தது. கர்ணம் காலத்துக் கணக்குகள் புது வடிவத்துக்கு மாறியது அதில்தான். இன்று கம்ப்யூட்டரில் வருகிற பட்டாவுக்கு அடிப்படை அதுவே. அதில் தப்பு விழுந்திருக்கிறது என்று யாராவது வழக்குப் போட்டால், வக்கீல் முதலில் கேட்பது யு.டி.ஆருக்கு முந்தைய பதிவேட்டின் நகலை. தாலுகா ஆபீஸ் ரெக்கார்டு ரூமில் தூசி தட்டி எடுக்கிற அந்தக் காகிதத்தில் இருப்பது, 1980 நவம்பரில் வேலை போன யாரோ ஒரு கர்ணத்தின் கையெழுத்து.